பெயர் சொல்லாமல் வந்த ஜாஸ்: கிள்ளான் பள்ளத்தாக்கின் பாட்டுச் செவி

1962இல் வெளிவந்த 'இபு மெர்துவாகு' என்ற மலாய்ப் படத்தில், செல்வக் குடும்பத்துப் பெண்ணான சபாரியா, காசிம் செலாமாட் என்ற சாக்ஸபோன் கலைஞனை முகம் பார்க்கும் முன்பே விரும்பத் தொடங்கிவிடுகிறாள். வானொலியில் அவன் வாசிப்பைக் கேட்டதுதான் காரணம். மருத்துவனோ வழக்கறிஞனோ மருமகனாக வரவேண்டும் என்று எண்ணும் தாய்க்கு, பாட்டுக்காரன் என்ற சொல்லே அருவருப்பு. காசிமாக நடித்து, படத்தை இயக்கி, பாடியும் இருப்பவர் பி. ராம்லி. மலேசியாவில் மூன்று தலைமுறைகள் இந்தக் கதைக்கு அழுதிருக்கின்றன. ஆனால் அதன் நடுவே நிற்கும் சாக்ஸபோன் எங்கிருந்து வந்தது, அதை ஒலிக்கவைத்த இசைமரபு எது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் குறைவு.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழ்ந்த தமிழர் பெரும்பாலோர் ஜாஸைப் பெயர் சொல்லிக் கேட்டவர்கள் அல்லர். மலாய்ப் படப்பாட்டுக்குள்ளும் தமிழ்ப் படப்பாட்டுக்குள்ளும் அது புகுந்து, வேறு பெயரில் அவர்கள் செவியை அடைந்தது. ஆகவே இந்த வட்டாரத்தின் ஜாஸ் வரலாற்றை ஜாஸ் என்று அச்சிட்ட தட்டுகளையும் சுவரொட்டிகளையும் மட்டும் தேடி எழுத முடியாது. பாட்டைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். பாடகரின் குரலுக்குப் பின்னால் பாஸ் எப்படி நடக்கிறது, டிரம்ஸைக் குச்சியால் அடிக்கிறார்களா தூரிகையால் வருடுகிறார்களா, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே கிடைக்கும் மூச்சில் எந்தக் கருவி நுழைகிறது என்பவையே இங்கு ஆவணங்கள்.

எழுத்துச் சான்று அறவே இல்லை என்பதும் சரியல்ல. போருக்கு முந்திய மலாய் இசைத்தட்டுகளின் நடுச்சீட்டில் பாட்டின் பெயருக்குக் கீழே அதன் நடைவகையையும் அச்சிடும் வழக்கம் இருந்தது. குரோன்சோங், இனாங், அஸ்லி என்ற உள்ளூர்ப் பெயர்களோடு ரும்பா, ஃபாக்ஸ்டிராட், டாங்கோ என்பனவும் இருக்கும். வாங்குகிறவர் பாடகரின் பெயருக்காக மட்டுமன்றி, எந்தத் தாளத்துக்கு ஆடலாம் என்று பார்த்தும் தட்டை எடுத்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே காலத்துத் தமிழ்த் தட்டுகளில் அந்த இடத்தில் ராகமும் தாளமும் இருக்கும். இரு சமூகங்களும் பாட்டை எந்த வாசல் வழியாக அணுகின என்பதை இந்தச் சிறு வேறுபாடு காட்டிவிடுகிறது.

கதையின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருக்கிறது. சிலாங்கூர் அரசு தனக்கென்று ஒரு பேண்டு வாத்தியக் குழுவை அமைத்தபோது, அதற்கு மணிலாவிலிருந்து கலைஞர்களை வரவழைத்தது. ஸ்பானிய ஆட்சியில் மாதாகோவில்களிலும் படை வாத்தியக் குழுக்களிலும் தலைமுறைகளாகப் பயின்ற பிலிப்பினோக்கள் இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் வாசிக்க வல்லவர்கள். சிலாங்கூர் கிளப்பின் எதிரே உள்ள திடலிலும் ஏரிப் பூங்காவிலும் மாலை வேளைகளில் இந்தக் குழு வாசித்தது. ஆங்கிலேயத் துரைகளுக்காக வாசித்த இசைதான். ஆனால் திறந்த வெளியில் வாசிக்கப்பட்ட இசைக்கு வேலி கிடையாது. அந்தப் பிலிப்பினோக் கலைஞர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பின்னர் மௌனப் படக் கொட்டகைகளிலும், ஓட்டல் நடனக் கூடங்களிலும், கேளிக்கைப் பூங்காக்களின் காபரே மேடைகளிலும் வேலை பார்த்தார்கள். இன்று சுங்கை வாங் பிளாசா நிற்கும் இடத்தில் இருந்த புக்கிட் பிந்தாங் பார்க் அப்படிப்பட்ட இடம். ஜோகெட் மேடை, நாடகக் கொட்டகை, நடனக் கூடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்ததால், ஒன்றின் இசை மற்றதன் செவிக்குப் போனது. மலாய் மெல்லிசையில் லத்தீன் அமெரிக்க நடைகள் அவ்வளவு எளிதாகக் கலந்ததற்கு இந்த இடநெருக்கம் ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

அந்தக் காலத்துத் தமிழ்ச் செவி எப்படி இருந்தது? பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூரில் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார், தமிழகத்திலிருந்து வந்த இரயில்வே தொழிலாளிகள், தெலுங்கர், மலையாளிகள், சிங்களவர் எல்லாரும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். கோயிலில் நாகசுரமும் தவிலும். விவேகானந்த ஆசிரமத்தில் பஜனை. தமிழ் லுத்தரன், மெதடிஸ்ட் தேவாலயங்களில் ஆர்மோனியத்தோடு ஞானப்பாட்டு. இந்த மூன்றாவதை இசை வரலாற்று ஆசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. நம் மரபிசையில் ஒரு நேரத்தில் ஒரு சுரம். மற்றவை ஆதாரச் சுருதியோடு நிற்கும். நான்கு குரல்கள் நான்கு வெவ்வேறு சுரங்களில் சேர்ந்து நகர்வதைத் தமிழர் முதலில் பழகியது தேவாலயப் பாடகர் குழுவில்தான். பின்னாளில் ஒரு பியானோ கார்டு மெட்டுக்கு அடியில் நகரும்போது அது அந்நியமாக ஒலிக்காத செவி அங்கே உருவானது.

வானொலி 1930இல் கோலாலம்பூருக்கு வந்தது. அமெச்சூர் வயர்லெஸ் சங்கத்தார் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பினார்கள். கேட்டவர்கள் வசதியுள்ள சிலரே. போர் முடிந்து 1946இல் ரேடியோ மலாயா பிறந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. உண்மையான திருப்பம் 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தோடு வந்தது. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான பிரசாரத்துக்காக, பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநரான ஹியூ கார்ல்டன் கிரீன் 1950இல் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். புதுக்குடியேற்றக் கிராமங்களிலும் இரப்பர்த் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் பரவலாக வைக்கப்பட்டன. அரசு சொல்ல விரும்பியது செய்தியும் எச்சரிக்கையும். தோட்டத்து மக்கள் காத்திருந்தது பாட்டுக்கு. லயத்து வாசலில் பத்து இருபது பேர் சேர்ந்து நின்று கேட்பது அன்றைய கேட்கும் முறையாயிற்று. தனியே கேட்கும்போது தப்பிப்போகும் ஒரு சங்கதியை, பக்கத்தில் நிற்பவர் தலையசைத்தாலே நாமும் பிடித்துக்கொள்வோம். கூடிக் கேட்டதன் இந்தப் பயனை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரே மெட்டைக் கேட்கும் விதம் எப்படி மாறுகிறது என்பதற்கு, நாட்டின் தேசிய கீதத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பேராக் சுல்தான் அப்துல்லா 1877இல் செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே புழங்கிய 'லா ரோசலி' என்ற பிரெஞ்சுப் பாட்டின் மெட்டு அவர் குடும்பத்தின் வழியே பேராக் அரச கீதமாயிற்று என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதே மெட்டு 'தெராங் புலான்' என்ற பெயரில் நாடக மேடைகளிலும் குரோன்சோங் குழுக்களிலும் காதல் பாட்டாகப் பரவியது. 1947இல் லண்டனில் ஃபெலிக்ஸ் மெண்டல்சன் தன் ஹவாய் கிட்டார் குழுவோடு அதை 'மமூலா மூன்' என்ற நடன இசைத்தட்டாக வெளியிட்டார். சுதந்திரத்துக்கு முன் நடந்த கீதத் தேடலில் பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரும் இசையமைப்பாளர்களிடமும் மெட்டு கேட்கப்பட்டது. இறுதியில் துங்கு அப்துல் ரஹ்மானின் குழு, மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டையே 1957இல் தேர்ந்தெடுத்தது. 1990களில் அதன் வேகத்தை அணிவகுப்பு நடைக்குக் கூட்டினார்கள். 2003இல் மீண்டும் நிதானப்படுத்தினார்கள். சுரங்கள் மாறவில்லை, காலப்பிரமாணம் மட்டுமே மாறியது. அதற்குள் ஒரு கீதம் வணக்கமாகவும் அணிநடையாகவும் ஆடலாகவும் மாறிவிடுகிறது.

மலாய்ப் படப்பாட்டின் பொற்காலம் சிங்கப்பூரில், ஷா சகோதரர்களின் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் நிகழ்ந்தது. தொடக்க காலத்து மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். 1948இல் 'சிந்தா' படத்துக்காகப் பினாங்குப் பகுதியிலிருந்து ராம்லியைக் கண்டெடுத்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் 'பக்தி'யில் அவருக்குக் கதாநாயக வேடம் கொடுத்தவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். பி. என். ராவ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர் என்று வரிசை நீளும். கதை எங்கே நின்று பாட்டுக்கு வழிவிட வேண்டும், துயரத்துக்கு எத்தனை அடி, துள்ளலுக்கு எத்தனை அடி என்ற கணக்கை இவர்கள் இந்தியப் படங்களிலிருந்து கொண்டுவந்தார்கள். வாத்தியப் பின்னணியைக் கொடுத்தவர்கள் இரவில் காபரேயில் ஜாஸ் வாசித்துவிட்டுப் பகலில் ஒலிப்பதிவுக்கு வந்த பிலிப்பினோக்கள், யூரேசியர்கள், மலாய்க்காரர்கள். மெட்டையும் மொழியின் நயத்தையும் ராம்லியும் அவருடன் பணியாற்றிய காசிம் மஸ்தோர் போன்றவர்களும் தந்தார்கள். மூன்று ஓடைகளும் ஒரே ஒலிவாங்கியின் முன் சேர்ந்தன.

1955இல் ராம்லி முதன்முதலாக இயக்கிய 'பெனாரெக் பெச்சா'வில் வரும் 'அசிசா', 1960இல் 'அந்தாரா டுவா டார்ஜாட்'டில் வரும் 'கெத்தாரான் ஜீவா' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஐந்தாண்டுகளில் நடந்தது புரியும். இரண்டாவதில் கதாநாயகனே பியானோ வாசிக்கும் இசைக்கலைஞன். பாட்டு பியானோவைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. குரல் பெரிதாக எழும்பவில்லை. ஒலிவாங்கிக்கு மிக அருகே நின்று, காதருகில் சொல்வதைப் போலப் பாடும் முறை அது. 1930களில் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் மின் ஒலிவாங்கியின் துணையோடு உருவாக்கிய பாணி. மேடையில் ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடிய கிட்டப்பாவின் குரலோடு வளர்ந்த தமிழ்ச் செவிக்கு இது புதிது. நம் பக்கத்தில் ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீனிவாஸும் அந்தத் தணிந்த குரலைப் பழக்கியிருந்ததால்தான், ராம்லியைத் தமிழர் வீடுகளும் தம் பாடகராக ஏற்றுக்கொண்டன என்பது என் கருத்து.

1964ஆம் ஆண்டில் நின்று நிதானிக்க வேண்டும். அந்த ஆண்டில் ராம்லி சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் இருந்த மெர்டேகா படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தார். அதே ஆண்டில் சென்னையிலிருந்து 'சர்வர் சுந்தரம்', 'கலைக்கோயில்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' ஆகியவை வந்தன. நான்குக்கும் இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. 1952இல் 'பணம்' படத்தில் சேர்ந்த இந்த இரட்டையர் 1965இல் பிரிந்தார்கள்; பிரிவுக்கு முந்திய ஆண்டு அவர்களின் உச்சம். அன்றைய பத்து ரோட்டில் இருந்த கொலிசியத்திலும், பிரிக்ஃபீல்ட்ஸ் லிடோவிலும், கிள்ளான் கொட்டகைகளிலும் தமிழ்ப்படம் பார்த்த தலைமுறை வளர்ந்தது இந்த ஒலியில்தான்.

'புதிய பறவை' நமக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியம். கதாநாயகன் கோபால் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்புகிறான். பின்னோக்குக் கதையில், அவன் சித்ராவைச் சந்திக்கும் இடம் சிங்கப்பூர் இரவு விடுதி. அவள் அங்கே பாடகி. அவள் பாடும் 'பார்த்த ஞாபகம் இல்லையோ'வில், மலாயாவின் காபரே எப்படி ஒலிக்கும் என்று சென்னையில் உட்கார்ந்து இரண்டு மேதைகள் கற்பனை செய்திருக்கிறார்கள். லத்தீன் நடை, பித்தளைக் கருவிகளின் குறுகிய வெட்டுகள், பி. சுசீலாவின் குரலில் சுரங்களை இணைக்கும் மெல்லிய சறுக்கல். அந்தச் சறுக்கல் ஜாஸ் பாடகியின் வளைவா, நம் கமகமா? இரண்டு மரபும் ஒரே தொண்டையில் கைகோத்துக்கொள்ளும் இடம் அது. படத்தில் அதே மெட்டு சோக வடிவிலும் வருகிறது. நடன நடை விலகியதும் மெட்டு மட்டும் தனியே நிற்க, முன்பு அழைப்பாக ஒலித்த கேள்வி இப்போது குற்றச்சாட்டாக ஒலிக்கிறது. தேசிய கீதத்தின் காலப்பிரமாணத்தை மாற்றியபோது நடந்ததும் இதுவே. தாளம் என்பது மெட்டுக்கு உடுத்திய ஆடை மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

அமைப்பிலும் கவனிக்க ஒன்று உண்டு. அமெரிக்க மெல்லிசைப் பாட்டின் பழகிய வடிவம் 32 தாளக்கட்டுகள்: ஒரு மெட்டு இருமுறை, நடுவில் வேறொரு மெட்டு, மீண்டும் முதல் மெட்டு. மலாய்ப் படப்பாட்டு பல இடங்களில் இதன் சாயலை ஏற்றது. தமிழ்ப் படப்பாட்டு பல்லவி - சரணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் வாத்திய இடையிசையை விரித்து, ஜாஸ் கலைஞர்களுக்கு அங்கே இடம் கொடுத்தது. ஆகவே தமிழ்ப்பாட்டில் ஜாஸைத் தேடுபவர் பாடகர் நிறுத்தியதும் எழுந்து போய்விடக் கூடாது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் தம் மொழியில் பேசுவது அங்கேதான். ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்ற உதவியாளர்களும், டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போன்ற ஆங்கிலோ இந்தியக் கலைஞர்களும் அந்த இடத்தைக் கட்டியவர்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் இவர்களைப் போன்ற வாத்தியக்காரர்களுக்கு இடம் அரிது; இசைத்தட்டின் சீட்டில் அதைவிட அரிது. மலாய்ப் படங்களின் வாத்தியக்காரர்களுக்கும் அதே கதி. பாடல்களைக் கோடிக்கணக்கானோர் பாட, அவற்றை வாசித்தவர்களின் பெயர்கள் இப்படி அழிந்தது இரு திரையுலகங்களும் செய்த அநீதி.

ஜாஸ் தன் பெயரோடும் வந்தது. 1956 இறுதியில் பென்னி குட்மன் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் கிழக்காசியாவைச் சுற்றினார். மலாயாவும் அப்பயணத்தில் இருந்தது. 1958இல் டேவ் புரூபெக்கின் குழு சென்னைக்கு வந்தபோது, அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு வியந்து நின்றார். ஐந்தும் ஏழுமாக எண்ணும் கணக்குகள் ஜாஸுக்கு அன்று புதியவை. நம்மவர்களுக்கோ அன்றாடப் பாடம். ஆனால் இவை போன்ற சந்திப்புகள் அரங்குக்குள் நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்றவர்களுக்கு உரியவை. கிள்ளான் துறைமுகத்துத் தொழிலாளியின் செவியை மாற்றியது படப்பாட்டுத்தான்.

வானொலியும் தனக்கென்று ஓர் இசைக்குழுவை வளர்த்தது. 1961இல் அமைந்த ரேடியோ மலாயா இசைக்குழுவை முதலில் நடத்தியவர், பிலிப்பினோ இசைக் குடும்பத்தில் வந்த ஜாஸ் பியானோக் கலைஞர் அல்போன்சோ சொலியானோ. அரசு பேண்டுக்காக மணிலாவிலிருந்து கலைஞர்கள் வந்த அந்தப் பழைய வழியின் தொடர்ச்சி, இப்போது நாட்டின் அதிகாரபூர்வ ஒலியாயிற்று. பினாங்கில் ஜிம்மி பாயில் ஜாஸ் பியானோவிலிருந்தே நாட்டுப்பற்றுப் பாடல்களுக்கு வந்து சேர்ந்தார். வானொலியின் தமிழ்ப் பிரிவு அதே நிலையத்தில் இயங்கியது. நேயர் விருப்பத்தில் தோட்டப் பெயரும் வீட்டு எண்ணும் ஊரும் வாசிக்கப்பட்ட பின் ஒலித்தவை சென்னைப் பாடல்கள். அடுத்த அலைவரிசைக்குத் திருப்பினால் சொலியானோவின் வாத்தியக்குழு. ஒரே பெட்டியில், முள்ளின் சிறு அசைவு தூரத்தில், இரண்டும் இருந்தன.

பின்னர் காற்று மாறியது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனபின் இளைஞர் கைகளில் மின்கிட்டார் ஏறியது. பீட்டில்ஸுக்குப் பின் 'பாப் யே யே' அலை வந்தது. பெரிய வாத்தியக்குழுக்கள் பழைய காலத்துப் பொருளாயின. உலு கிளாங்கில் ராம்லி எடுத்த 18 படங்களுக்குச் சிங்கப்பூர்க் காலத்து வரவேற்பு கிடைக்கவில்லை. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய இறுதிப் படம். 1973 மே 29 அன்று, 44ஆம் வயதில் காலமானார். அவர் வாழ்ந்த செத்தாப்பாக் வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அந்தக் கலைஞனைக் கைவிட்டுவிட்டு இறந்தபின் கொண்டாடிய நாடு, அவருடைய பாட்டின் பின்னால் வாசித்தவர்களையாவது இப்போது தேட வேண்டும்.

ஆனால் செவி வற்றிவிடவில்லை. 1969இல் பினாங்கில் தொடங்கிய அலிகேட்ஸ் குழுவில், டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் ஹாங்காங் விடுதிகளில் ஆங்கிலப் பாடல்கள் பாடிப் பதப்பட்ட குரலோடு திரும்பி, மலாய்ப் பாடகர்களாக நாடு முழுதும் நிலைத்தார்கள். ராம்லி இந்திய இயக்குநர்களிடம் பெற்ற கடனுக்கு வந்த வட்டியாகவே அவர்களைப் பார்க்கிறேன். 1979இல் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் கோலாலம்பூரில் ஆசியாபீட் குழுவைத் தொடங்கினார். ஜாஸ் டிரம்ஸோடு இந்நாட்டு மரபுக் கருவிகளை ஒரே மேடையில் அமர்த்திய அந்தக் குழுவில், ஜாஸ் தன் பெயரோடும், உள்ளூர்த் தாளத்தின் பெயரோடும் சேர்ந்து வந்தது. 1990இல் பாடகி ஷீலா மஜித் 'லெஜெண்டா' தொகுப்பில் ராம்லிக்கு அஞ்சலி செய்தார். பழைய பாட்டுக்குள் ஒளிந்திருந்த ஜாஸ் கூறுகளைத் தேர்ந்த செவியோடு கேட்டு வெளியே கொண்டுவந்த முயற்சிகளில் அது முதன்மையானது.

தமிழில் அந்த வேலையை யார் செய்தார்கள் என்று கேட்டால், பலரும் எதிர்பாராத பதில் கிடைக்கும். கேசட் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் கடைவாசல் ஒலிபெருக்கிகள் பழைய பாட்டும் புதிய பாட்டும் கலந்து இரைந்தன. அந்தத் தெருக்களின் ஒலியில் வளர்ந்த தலைமுறை ராப் பாடத் தொடங்கியது. யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வந்தது. அதில் நாடு கடந்து தமிழகம் வரை ஒலித்த பாட்டு, 1980இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா அமைத்த 'மடை திறந்து'வின் மறுவடிவம். மூலப்பாட்டில் வயலின் அணிவகுப்புக்குக் கீழே பாஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போகும். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பல இலட்சம் பேர் முணுமுணுத்தது மேலே ஓடும் குரலை மட்டுமே. ராப் கலைஞனுக்குக் குரல் இரண்டாம் இடம். எந்த நான்கு தாளக்கட்டைச் சுழலவிட்டால் அதன்மேல் சொல் ஏறி நிற்கும் என்று தேடும் அவன், பாட்டை அடியிலிருந்து மேலே கேட்கிறான். பாஸ், டிரம்ஸ், இடையிசை, பிறகுதான் பாடகர். ஜாஸ் கலைஞர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் வரிசையும் அதுவே.